இடது கைக்கு ஒரு கைப்பிடி

கத்தியை எடுத்ததும் கைப்பிடியில் எத்தனை ஆணி என்று எண்ணுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. எங்கள் ஊரில் பிரெஞ்சுக்காரர் காலத்து ஒயிட் டவுனில் வெளியூர்க்காரர்களுக்கு அழகுச் சாமான் விற்கும் ஒரு கடைக்கார அம்மாள், நான் கொண்டுபோன கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னும் நாலஞ்சு ஆணி சேத்துப் போடுங்களேன், போட்டோவுல பளபளன்னு வரும்" என்றார். போட்டோவா வெங்காயம் நறுக்கப் போகிறது? ஆணி போடுகிற ஒவ்வொரு இடத்திலும் மரத்தில் ஓட்டை விழுகிறது. ஓட்டை விழுந்த இடத்தில் மரத்துக்குப் பலம் குறைகிறது. அதுவும் அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் ஆணி வந்தால், பிடிக்கிறவருடைய நடுவிரல் மடிப்பில் போய் அது உட்காரும். கொஞ்ச நேரம் அறுத்தாலே விரல் கன்றிப்போகும். இதையெல்லாம் பொறுமையாகத்தான் சொன்னேன். "இத வெச்சு யாரும்மா அறுக்கப் போறா? சுவத்துல மாட்டி வெப்பாங்க" என்று சிரித்தார். அன்றோடு அந்தக் கடைப் படி ஏறுவதை விட்டுவிட்டேன்.

நானும் என் வீட்டுக்காரரும் அதே ஊரின் மேட்டுப்பாளையத்தில், தொழிற்பேட்டைக்குள் இருக்கும் ஒரு லேத் பட்டறையின் பின்பக்கத்தை வாடகைக்கு எடுத்துச் சமையல் கத்தி செய்கிறோம். இரும்பு அவர் பொறுப்பு. வெட்டுவது, காய்ச்சுவது, தீட்டுவது எல்லாம் அவர். மரமும் ஆணியும் என்னுடையவை. அதற்கு முன் அதே பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் வாளிக்கும் மக்குக்கும் பிசிறு நீக்கிக்கொண்டிருந்தேன். கம்பெனியை மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா உட்கார எனக்கு வராது, இவரோடு வந்து சேர்ந்துவிட்டேன். "பொம்பள போட்ட கைப்பிடியா?" என்று இளித்தவர்கள் உண்டு. உங்கள் வீட்டில் கத்தியைப் பிடிப்பது யார் என்று திருப்பிக் கேட்பேன். இளிப்பு அடங்கிவிடும்.

கைப்பிடி என்றால் இரும்புத் தண்டின் இரண்டு பக்கமும் இரண்டு கட்டையை வைத்து ஆணி அடிப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது கைப்பிடி இல்லை, மூடி. வலது கையால் பிடிக்கிறவருக்கு உள்ளங்கை கைப்பிடியின் வலது பக்கத்தில் வந்து படியும். அதனால் அந்தப் பக்கம் கொஞ்சம் மேடு வேண்டும். பெருவிரல் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்து முன் ஆணிக்கு அருகில் ஊன்றும். அங்கே கொஞ்சம் பள்ளம் வேண்டும். இந்த மேடும் பள்ளமும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது, கைக்குத்தான் தெரியும். நான் பூவரச மரம்தான் வைப்பேன். அறுத்த கட்டையை உடனே எடுக்க மாட்டேன், பட்டறையிலேயே போட்டு வைத்து நம் ஊர்க் காற்றுக்குப் பழக விடுவேன். கடல் காற்றில் மரம் ஊதும், வெயில் காலத்தில் சுருங்கும். பித்தளை ஆணி ஊதாது, சுருங்காது. பழகாத மரத்தில் ஆணி போட்டால் சித்திரை பிறந்ததும் ஆணி மட்டும் மேலே துருத்திக்கொண்டு நின்று உள்ளங்கையைக் கீறும். இரண்டு ஆணி போதும். முன் ஆணி மரத்தின் விளிம்பை ஒட்டி வரக் கூடாது, பிளந்துவிடும். பின் ஆணி சுண்டுவிரலுக்குப் பின்னால் போய்விட வேண்டும். இவ்வளவுதான் என் வித்தை.

அளவு எடுக்க நான் சப்பாத்தி மாவைப் பயன்படுத்துகிறேன். ஒரு குச்சியைச் சுற்றி மாவை அப்பி, வாங்க வருகிறவர் கையில் கொடுத்து, "கத்தி புடிக்கிற மாதிரி புடிங்க" என்பேன். விரல் பதிந்த இடம், மாவு பிதுங்கிய இடம் இரண்டையும் பார்த்தால் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்பது தெரிந்துவிடும். ஆனால் ஒரு விஷயம். நம் ஊரில் ஒருவரிடம் எதை நீட்டினாலும் அவர் வலது கையைத்தான் நீட்டி வாங்குவார். சோறு, காசு, பத்திரிகை, பிரசாதம், பிள்ளை, எதுவானாலும் சோத்தாங்கைதான். மாவுக் குச்சியையும் அப்படியே வாங்கி அப்படியே பிடித்துவிடுவார்கள். இத்தனை காலத்தில் இடது கையை நீட்டியவர் ஒரே ஒருவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் வயதான சொல்தா ஒருவர். மாவை இடது கையில் வாங்கி, "நமக்கு கோஷ்தாம்மா, இடது. அதுக்குத் தோதா போடு" என்றார், பசிக்குது சோறு போடு என்பதுபோல. அவருக்காக எல்லாவற்றையும் பக்கம் மாற்றிச் செய்தேன். வேறு யாரும் கேட்டதில்லை. ஊரில் இடது கைக்காரர்களே இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

என் தம்பி மனைவியும் வலது கையைத்தான் நீட்டினாள். அவள் எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளுக்குக் கைக்கு வேலை வராது என்று பெயர். விரலில் எப்போதும் ஒரு துணிக்கட்டு இருக்கும். முருங்கைக்காயை ஒரே அளவாக நறுக்க மாட்டாள். இடியாப்பம் பிழிந்தால் பாதி தரையில் கிடக்கும். என் அம்மா அவளைத் திட்டுவதற்காகவே காலையில் எழுந்திருப்பாள். "ஒரு தொடப்பத்தக்கூட ஒழுங்கா புடிக்கத் தெரியல, என்னத்த வளத்தாங்களோ" என்பாள். தம்பி அதற்கு ஒரு சிரிப்பு சிரிப்பான். அவள் எதிர்த்துப் பேச மாட்டாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், கல்யாண வீடுகளில் பிரியாணி போடும் பண்டாரி ஒருவரிடம் வெங்காயம் அறுக்கும் பெண்களோடு வேலைக்குச் சேர்ந்தாள். எங்களுக்கெல்லாம் ஆச்சரியம். அவளா, வெங்காயமா என்றார்கள். ஆனால் பண்டாரி அவளை நிறுத்தவில்லை. ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். வேலைக்குப் போகும் நாளில் அவள் முகமே வேறாக இருக்கும். வெளியே தனக்கென்று ஓர் இடம் கிடைத்துவிட்ட முகம். அப்போதுதான் என்னிடம் வந்து, "எனக்கு ஒரு கத்தி போட்டுக் குடுங்கக்கா" என்று கேட்டாள். மாவில் கை பதித்தாள். நானும் பார்த்துப் பார்த்துச் செய்து கொடுத்தேன்.

சில மாதங்கள் கழித்து அந்தக் கத்தியைச் சாணை பிடிக்கக் கொண்டுவந்தாள். இடது கைப் பெருவிரலின் அடியில் வீங்கியிருந்தது. தைலம் தேய்த்துத் துணி சுற்றியிருந்தாள். என்ன என்று கேட்டேன். துணி பிழியும்போது சுளுக்கிவிட்டது என்றாள். நான் கத்தியை வாங்கி, பழக்கத்தில், முதலில் கைப்பிடியைத்தான் பார்த்தேன். நம் ஊர்க் காற்றில் பித்தளை சும்மா இருந்தாலே களிம்பு பிடித்துவிடும். விரல் தேய்கிற இடத்தில் மட்டும்தான் மின்னும். பெருவிரலுக்கென்று நான் பள்ளம் விட்ட இடது பக்கத்தில் முன் ஆணி கறுத்துப்போய்க் கிடந்தது. வலது பக்கத்து முன் ஆணி புதுக் குத்துவிளக்கு மாதிரி மின்னிக்கொண்டிருந்தது.

"நீ எந்தக் கையால அறுக்குற?" என்று கேட்டேன்.

"சோத்தாங்கையாலதான்க்கா."

"ஆணி அப்படிச் சொல்லலியே."

அவள் முதலில் வாசல் பக்கம் பார்த்தாள். என் வீட்டுக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். லேத்தில் இருந்தவர்களுக்கு மிஷின் சத்தத்தில் எதுவும் கேட்காது. அதற்குப் பிறகும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னாள்.

"வீட்ல சொல்லிடாதீங்கக்கா. கால்ல வேணாலும் வுழுறேன்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. திருடியவள்கூட இப்படிக் கெஞ்ச மாட்டாள். வெங்காயம் அறுத்ததற்காகக் காலில் விழுகிறேன் என்கிறாள் ஒரு பெண். உட்கார வைத்துக் கேட்டேன். சின்ன வயதில் இடது கையைப் பாவாடை நாடாவோடு சேர்த்துக் கட்டிவிடுவாளாம் அவள் அம்மா. பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஸ்கேலைத் திருப்பி விளிம்பால் அடிப்பாராம். சமைக்கத் தொடங்கியபோது இடது கை விரல்களில் மிளகாய் விழுதைத் தடவி வைத்தார்களாம், அந்தக் கையை எதிலும் வைக்கக் கூடாது என்று.

"அடிச்சா மாறிடும்னு நெனச்சாங்க. மாறலக்கா. மறைக்கத்தான் கத்துக்கிட்டேன்" என்றாள்.

எங்கள் வீட்டில் எல்லார் எதிரிலும் அவள் வலது கையால் வேலை செய்தாள், அதனால்தான் எல்லாம் கோணல்மாணலாகப் போனது. அடுப்பங்கரையில் யாரும் இல்லாத நேரத்தில் இடது கையால் செய்தாள். என் அம்மா அவ்வப்போது மெச்சுகிற அந்த மெல்லிசாக நறுக்கிய வெண்டைக்காய் எல்லாம் இடது கை நறுக்கியதுதான். பண்டாரியிடம் வேலைக்குப் போன இடங்களில், வெயில் முகத்தில் அடிக்கிறது, கண் எரிகிறது என்று ஏதாவது சொல்லிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். முதுகுக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு எந்தக் கை என்று தெரியாது. கூடைகூடையாக அறுத்தாள், நான் வலது கைக்கென்று செய்த கத்தியை இடது கையில் பிடித்துக்கொண்டு. உள்ளங்கைக்கென்று நான் வைத்த மேடு அவள் விரல்களைக் குத்தியது. பெருவிரலுக்கு ஊன்ற இடமே இல்லாமல் ஆணியின் மேல் வழுக்கி வழுக்கி இறுகியது. ஆஸ்பத்திரியில் காட்டியிருக்கிறாள். இப்படியே போனால் அந்தப் பெருவிரலால் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலது கையால் அறுத்தால் மற்றவர்களின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது, பண்டாரி நிறுத்திவிடுவார். இடது கைக்கு ஏற்ற கத்தி கிடைத்தால் விரலும் மிஞ்சும், வேலையும் மிஞ்சும். இல்லாவிட்டால் இரண்டில் ஒன்று போகும்.

வலது கையால் சாப்பிட வேண்டும் என்று எங்களுக்குச் சிறு வயதிலிருந்து சொல்லித் தந்திருக்கிறார்கள். நானும் அப்படித்தான் சாப்பிடுகிறேன், அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. அவளும் வலது கையால்தான் சாப்பிடுகிறாள். ஆனால் வெங்காயம் அறுக்க ஒரு கை, கூட்ட ஒரு கை, எழுத ஒரு கை என்று இவர்களுக்கு யார் சட்டம் போட்டுக் கொடுத்தது? ஒரு பிள்ளையின் கையில் மிளகாயைத் தடவச் சொல்லி எங்கே எழுதியிருக்கிறது? கோவிலுக்குப் போகிறவர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள், பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள், ஒரு வீதியில் எதிலும் ஒத்துப்போகாத அத்தனை பேரும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாக இருக்கிறார்கள். நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை.

அன்றே மாவு பிசைந்தேன். குச்சியை நீட்டினேன். அவள் இடது கையைக் கொண்டுவந்தாள், மாவுக்குப் பக்கத்தில் வந்ததும் நிறுத்திவிட்டாள்.

"சாப்புடுற மாவுக்கா."

"யாரும் திங்கப் போறதில்ல. அளவு. புடி."

பிடித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இதற்கு முன் அதே பெண் வலது கையால் பிடித்த மாவை நான் பார்த்திருக்கிறேன், யாரோ அவசரத்தில் கதவுத் தாழ்ப்பாளைப் பிடித்தது போலக் கன்னாபின்னாவென்று இருக்கும். இதில் ஒவ்வொரு விரலும் அதனதன் இடத்தில் சுத்தமாகப் பதிந்திருந்தது. இப்படி ஒரு கையை வைத்துக்கொண்டுதான் வேலை வராதவள் என்று பெயர் வாங்கியிருக்கிறாள்.

அந்தக் கைப்பிடிக்கு நான் எடுத்துக்கொண்ட சிரமம் வேறு எதற்கும் எடுத்ததில்லை. புது இரும்பு போட்டுக் கொடுத்தார் என் வீட்டுக்காரர். இரும்பைக் காய்ச்சி இறுக்கிவிட்டால் அப்புறம் தண்டில் ஓட்டை போட முடியாது, டிரில் முனைதான் உடையும். அதனால் அதற்கு முன்பே ஆணிகளுக்கு இடம் குறித்துக் கொடுத்தேன். மேட்டை இடது பக்கம் வைத்தேன். பள்ளத்தை வலது பக்கம் இறக்கினேன். வீங்கிய பெருவிரல் என்பதால் பள்ளத்தை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அகலமாக விட்டு, முன் ஆணியை அதற்கு வெளியே தள்ளினேன், விரலுக்கு அடியில் மரம் மட்டும் இருக்கட்டும் என்று. கட்டைகளை ஒட்டிய பசை காய்ந்ததும் ஆணித் தலைகளைச் சின்னச் சுத்தியால் மெல்லத் தட்டி விரிய விட்டேன். அரத்தால் இழைத்தேன். ஆணி சூடானால் அதைச் சுற்றியுள்ள பசை கருகிவிடும், தொட்டுத் தொட்டுப் பார்த்து, சுட்டால் ஈரத்துணியை வைத்துக்கொண்டேன். பிறகு உப்புத்தாள், முதலில் முரட்டுத் தாள், அப்புறம் மென்மையான தாள். கடைசியில் எண்ணெய்.

வாங்கியதும் அவள் இடது கையில் பிடித்துப் பார்த்தாள். தோள் கீழே இறங்கியது. எத்தனை வருடமாகத் தூக்கியே வைத்திருந்தாளோ. பட்டறையில் கிடந்த ஒரு வெங்காயத்தை எடுத்து அறுத்துக் காட்டினாள். சீவல் பாக்கு மாதிரி விழுந்தது. என் வீட்டுக்காரர் எடுத்துப் பார்த்துவிட்டு, "மிஷின் தோத்துது" என்றார். அவள் சத்தமாகச் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு அவளிடம் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அடுத்த விசேஷம் எங்கள் சொந்தத்திலேயே வந்தது. கனகசெட்டிக்குளம் பக்கம் ஒரு மண்டபத்தில் கல்யாணம், நாங்கள் பெண் வீட்டுப் பக்கம். அதே பண்டாரிதான் சமையல். நானும் அம்மாவும் விருந்தாளிகளாகப் போனோம், அவள் விடியும் முன்பே வேலைக்குப் போய்விட்டாள். காலையில் நான் பின்கட்டுக்குப் போனபோது அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கவில்லை. மற்றப் பெண்களோடு வட்டமாக உட்கார்ந்து, பேசிச் சிரித்துக்கொண்டே அறுத்துக்கொண்டிருந்தாள். கை வலிக்காத சுகத்தில் சுவரை மறந்துவிட்டாள். கூட இருந்தவர்களும் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. அவளுக்கு முன்னால் இருந்த அலுமினியத் தட்டு நிறைய வெங்காயம். எனக்கு மனசு நிறைந்துபோனது.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் பெரியம்மா சமையலைப் பார்க்க வந்தார். பட்டுச் சேலை, கழுத்து நிறைய நகை. அடுப்பிலிருந்த பிரியாணி தேக்சாவை எட்டிப் பார்த்தார், கறியைப் பார்த்தார், அப்புறம் வெங்காயத்தைப் பார்த்தார்.

"யாரு இவ? நல்ல காரியத்துல பீச்சாங்கையால அறுத்துக்கிட்டு ஒக்காந்துருக்கா! ஏன் பாய், ஒங்களுக்கு வேற ஆளே கெடைக்கலியா?"

தம்பி மனைவியின் கை சட்டென்று கத்தியைக் கீழே போட்டது. மடியில் இருந்த முந்தானைக்குள் இடது கையை மறைத்துக்கொண்டாள். அந்தக் கையில் ஏதோ அசிங்கம் ஒட்டியிருப்பதுபோல. அதைப் பார்த்ததும் எனக்குக் கட்டுப்பாடு போய்விட்டது.

"அந்தக் கைக்கு என்னம்மா? கழுவின கைதான். நீங்க சாப்புடறது வெங்காயத்தையா, அவ கையையா?" என்றேன்.

"ஒன்ன யாரு கேட்டா? இது எங்க வீட்டு விசேஷம். அந்தத் தட்ட அப்படியே ஆட்டுக்குப் போடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

பண்டாரியைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் பாய், மசாலா அரைக்கிற மிக்சிக்கு எது சோத்தாங்கைன்னு பாத்தா வாங்குனீங்க? கறிக்கடைக்காரன் எந்தக் கையால வெட்டுனான்னு கேட்டீங்களா?"

அவர் நல்ல மனிதர்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். "எனக்குத் தெரியாதாம்மா? எங்கிட்ட இருக்குறதுலயே வேகமான கை அதுதான். முன்னாடியே தெரியும் எனக்கு. ஆனா விசேஷக்காரங்ககிட்ட நான் சண்டை போட முடியுமா? நாளைக்கு எவன் என்னக் கூப்புடுவான்?" என்றார். அப்புறம் ஆளை விட்டு, பின்கட்டின் கோடியில் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தார்ப்பாயைக் கட்டச் சொன்னார். "நீ அங்க போயி ஒக்காந்து எந்தக் கையால வேணா அறுத்துக்கோ தாயி. யாரும் பாக்க மாட்டாங்க."

அவள் எழுந்து போனாள். கோபித்துக்கொண்டு போகவில்லை. நன்றியோடு போனாள். பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் இடத்தில், தார்ப்பாய்க்குப் பின்னால், மீதி வெங்காயம் முழுவதையும் அறுத்தாள். ஆட்டுக்குப் போடச் சொன்ன தட்டையும் யாரும் ஆட்டுக்குப் போடவில்லை. பண்டாரி அதைக் கையில் எடுத்துக்கொண்டு மண்டபத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்து அதே தேக்சாவில்தான் கொட்டினார். மத்தியானம் பந்தியில் அந்தப் பெரியம்மா இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டதை நான் எதிர் வரிசையில் இருந்து பார்த்தேன். எழுந்து போய்ச் சொல்லியிருப்பேன். அம்மா என் முழங்கையைப் பிடித்து அமுக்கிவிட்டாள்.

"அவ பொழப்பு போயிடும். பேசாம தின்னு" என்றாள்.

அன்று பின்கட்டுச் சண்டை காதுக்கு எட்டித்தான் அம்மாவுக்கு விஷயமே தெரியும். வீட்டுக்குத் திரும்பும் வழியில், பிள்ளைச்சாவடி தாண்டியதும், "இத்தன வருசம் ஒரு வார்த்த சொன்னாளா பாரு, அமுக்குணி" என்றாள். வேறு ஏதாவது சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளைப் பொறுத்தவரை இதிலும் குற்றம் மருமகளுடையதுதான். எல்லாருக்கும் நிம்மதி. பண்டாரிக்கு வேலை நடந்தது. பெரியம்மாவுக்கு நல்ல காரியம் கெடவில்லை. தம்பிக்கு வீட்டில் சண்டை இல்லை. இந்த நிம்மதியைப் பார்க்கப் பார்க்க எனக்கு எதையாவது எடுத்து உடைக்க வேண்டும்போல் இருந்தது.

அடுத்த வாரம் அவள் பட்டறைக்கு வந்தாள். முகம் மலர்ந்திருந்தது. கையில் அந்தக் கத்தி, துணியில் சுற்றி வைத்திருந்தாள்.

"பண்டாரி பாய் என்ன விடலக்கா. தொடர்ந்து வான்னுட்டாரு. பின்னாடி ஒக்காந்துக்கச் சொல்லிட்டாரு. கை வலியும் நல்லா கொறஞ்சிடுச்சு."

சந்தோஷம் என்றேன்.

"ஒண்ணே ஒண்ணுக்கா. அடுத்த விசேஷம் வீட்லயே வெக்கிறாங்க. சின்ன வீடு, பின்பக்கம் எடமே கெடையாது. தார்ப்பாயெல்லாம் கட்ட முடியாதாம். யாராச்சும் வந்தா நான் டக்குனு கைய மாத்திக்கணும். இது சோத்தாங்கைல நிக்கவே மாட்டேங்குது. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பண்ணிக் குடுத்துடுங்க."

முடியாது என்றேன். ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்பச் சொன்னேன். பள்ளத்தை நிரப்ப முடியாது, சுற்றி இருக்கும் மரத்தைத்தான் குறைக்க வேண்டும், கைப்பிடி ஒல்லியாகிவிடும், பிடிக்க இன்னும் இறுக்க வேண்டியிருக்கும், ஆணித் தலையைத் தேய்த்தால் அதன் பிடிப்பும் போகும், மறுபடியும் அந்த விரல்தான் வீங்கும் என்றேன். அப்புறம் மரத்தை விட்டுவிட்டு மனிதர்களுக்கு வந்தேன். வருகிறவர் வரட்டும், பார்க்கட்டும், நீ எதற்குக் கையை மாற்ற வேண்டும், அவர்கள் கண்ணை மாற்றிக்கொள்ளட்டும் என்று கத்தினேன். லேத்தில் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

அவள் நான் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"நீங்க கோவப்படலாம்க்கா. ஒங்களுக்கு இந்தப் பட்டற இருக்கு. எனக்கு அந்த வேலதான் இருக்கு" என்றாள்.

என் வீட்டுக்காரர் கிரைண்டரின் சுவிட்சைப் போட்டார்.

சுற்றும் உப்புத்தாள் பெல்ட்டில் வைத்தேன். அவளுடைய உள்ளங்கைக்கென்று நான் விட்ட மேடு கண் மூடித் திறப்பதற்குள் தூளாகக் கொட்டியது. பெருவிரல் பள்ளம் மறையும்வரை சுற்றியிருந்த மரத்தையும் எடுத்தேன். ஆணிகள் சூடேறின, ஈரத்துணியை வைத்து வைத்துத் தேய்த்தேன். என் வாழ்நாளில் இவ்வளவு ஆத்திரத்தோடு ஒரு கைப்பிடியை நான் இழைத்ததில்லை. என்றாலும் பிசிறு வைக்காமல்தான் முடித்தேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆகிவிட்டது. யாருடைய கை என்று இனி எவரும் கண்டுபிடிக்க முடியாது.

அவள் வாங்கி இடது கையில் பிடித்தாள். வலது கைக்கு மாற்றினாள். மறுபடி இடது. பிறகு என்னையும் வாசலையும் ஒரு முறை பார்த்துவிட்டு, யாரோ உள்ளே வருவதுபோல நினைத்துக்கொண்டு, சடாரென்று கை மாற்றிப் பார்த்தாள். கத்தி வழுக்கவில்லை. இன்னும் வேகமாக ஒரு முறை மாற்றினாள்.

"சரியா இருக்குக்கா" என்றாள், பெருவிரலின் அடியைத் தேய்த்துக்கொண்டே.